சாக்லேட் சிலைகளும் மீட்ட நிலமும்

அன்புள்ள ஐயா,
காங்கோவின் தோட்டத் தொழிலாளர்கள் படைத்த சாக்லேட் சிலைகளின் படங்களைப் பார்த்து அழுதுவிட்டேன். ஆனால் தின்னும் பொருளில் சிலை செய்வது சரிதானா? கோகோ தோட்டங்களின் அடிமை வரலாற்றைப் படித்தபின் மகளுக்கு சாக்லேட் வாங்கவும் மனம் வரவில்லை. நிறுத்திவிடவா?
- ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

குழந்தைக்கு வாங்கிக் கொடுங்கள் அம்மா. உணவு வீணாகிறது என்ற கவலையை விட்டுவிடுங்கள். அதில் பேச ஒன்றுமில்லை.

வாங்குவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் நானும் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். போர்த்துகீசியர் ஆண்ட ஆப்பிரிக்கத் தீவான சாவோ தோமேயில் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அடிமைகளாகக் கோகோ விளைவிக்கிறார்கள் என்ற செய்தி 1901இலேயே சாக்லேட் நிறுவனத்தின் வில்லியம் கேட்பரியின் காதுக்கு எட்டியது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த, கடவுளுக்கு அஞ்சிய குடும்பம். ஆனாலும் அவர்கள் கொள்முதலை நிறுத்தியது 1909இல்தான். அதன்பின் வேறு இடத்தில் வாங்கினார்கள். சாவோ தோமேயின் பெருந்தோட்டங்களோ 1975இல் நாடு விடுதலை பெறும்வரை போர்த்துகீசிய முதலாளிகளிடமே இருந்தன.

அழுததாக எழுதுகிறீர்கள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிலை விற்ற பணம் எங்கே போனது என்று கேட்டிருக்க வேண்டாமா? சன்லைட் சோப்பு தயாரித்த வில்லியம் லீவருக்கு 1911இல் பெல்ஜிய ஆட்சி காங்கோவில் பனை எண்ணெய்க்காகப் பெருநிலத்தை வழங்கியது. லுசாங்கா என்ற ஊர் லீவர்வில் ஆனது. அங்கே விளைந்த லாபமெல்லாம் ஐரோப்பாவுக்குப் போயிற்று. அதே ஊரில் 2014இல் தொழிலாளர்கள் கலைக்குழு தொடங்கினார்கள். ஆற்றுக் களிமண்ணில் உருவம் வடிக்கிறார்கள்; அதன் கணினிப் பதிவைக் கொண்டு ஆம்ஸ்டர்டாமில் சாக்லேட்டில் வார்க்கிறார்கள். 2017இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார்கள். வந்த பணத்தில் நிலம் வாங்கினார்கள். திரும்பவும் சொல்கிறேன், நிலம் வாங்கினார்கள்! முன்னோரிடமிருந்து பறிபோன அதே மண்ணில் 100 ஹெக்டேருக்கும் மேல் வாங்கி, ஒற்றைப் பயிர் உறிஞ்சிய இடத்தில் தாங்கள் உண்ணும் பயிர்களை வளர்க்கிறார்கள். கலைக்கு இதைவிடப் பெரிய விருது எனக்குத் தெரியாது. சிலையின் அழகைப் பற்றி எழுதும் விமர்சகர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்குக் கோபமூட்டுகிறது. நீங்களும் அப்படிக் கடந்துபோகலாமா?

ஒன்று மட்டும் இன்னும் அவர்களிடம் வரவில்லை. 1931இல் காங்கோவின் பெண்டே இன மக்கள் கிளர்ந்தெழுந்து பலோ என்ற பெல்ஜிய அதிகாரியைக் கொன்றார்கள். அவரை மரத்தில் செதுக்கியும் வைத்தார்கள். அந்தச் சிலை அமெரிக்காவின் வர்ஜீனியா அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். 2024இல் லுசாங்காவுக்கு வந்தது, இரவலாக. தங்கள் மக்கள் செதுக்கியதைத் தவணை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்