‘மெயில் வேலை செய்யவில்லை’ என்றால் போதாது: அலுவலக சர்வர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் சர்வரிலிருந்து அனுப்பும் மெயில்கள் பல இடங்களுக்குச் சரியாகப் போகின்றன, சில இடங்களிலிருந்து மட்டும் 550 என்ற எண்ணுடன் திரும்பிவிடுகின்றன. மெயில் சர்வரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவலாமா?

பதில்: அந்த வேலையில் இறங்காதீர்கள். 5-இல் தொடங்கும் எண் நிரந்தர மறுப்பைக் குறிக்கும். மறுத்ததற்கான காரணம் அந்த எண்ணை அடுத்து வரும் வாக்கியத்தில் இருக்கும். அதைத்தான் நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். சில இடங்களில் மட்டும் மறுக்கிறார்கள் என்பதால், உங்கள் ஐ.பி. முகவரிக்குப் பி.டி.ஆர். பதிவு, அதாவது முகவரியைக் கேட்டால் பெயரைச் சொல்லும் பதிவு, இல்லை என்பதே என் முதல் ஊகம். இதை டொமைன் வாங்கிய இடத்தில் தேடிப் பயனில்லை; அந்த ஐ.பி. முகவரியை உங்களுக்குக் கொடுத்த இணைய சேவை நிறுவனத்திடம்தான் கேட்டுப் பெற வேண்டும். மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. இணைப்பில் சர்வர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயரும் பி.டி.ஆர். பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தப் பெயருக்கான ‘ஏ’ பதிவு, அதாவது பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்லும் பதிவு, அதே ஐ.பி. முகவரியைக் காட்ட வேண்டும்.

கேள்வி: 451 என்ற எண்ணுடன் மெயில்கள் கியூவில் நிற்கின்றன.

பதில்: 4-இல் தொடங்கினால் தற்காலிக மறுப்பு. முன்பின் தெரியாத சர்வரை முதல் முறை திருப்பி அனுப்பிப் பார்க்கும் கிரேலிஸ்ட்டிங் பல இடங்களில் உண்டு. அரை மணி நேரம் பொறுங்கள், பெரும்பாலும் தானே போய்விடும். சர்வரை ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருப்பதால் எதுவும் விரைவாகாது.

கேள்வி: மெயிலின் வரம்பு 25 எம்.பி. என்கிறார்கள், 20 எம்.பி. கோப்பு ஏன் திரும்புகிறது?

பதில்: மெயிலில் ஏறும்போது கோப்பு வெறும் எழுத்துகளாலான பேஸ்64 வடிவத்துக்கு மாறி, மூன்றில் ஒரு பங்கு வீங்கும். உங்கள் 20 எம்.பி. அங்கே 27 ஆகிவிடுகிறது.

கேள்வி: காலையில் லாகின் ஆகப் பல நிமிடங்கள் பிடிக்கின்றன, சில நேரம் சர்வர் ஃபோல்டர்கள் திறப்பதில்லை. ஆனால் இணையம் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. நெட்வொர்க் ஸ்விட்ச்சையும் மாற்றிப் பார்த்துவிட்டோம். கம்ப்யூட்டர்களில் முதல் டி.என்.எஸ். ஆக எங்கள் டொமைன் கன்ட்ரோலரையும், பாதுகாப்புக்காக இரண்டாவதாக 8.8.8.8-ஐயும் கொடுத்திருக்கிறோம்.

பதில்: காரணத்தை நீங்களே கடைசி வாக்கியத்தில் எழுதிவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்றும் பெயர் வைத்திருக்கிறீர்கள். இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் மறுபடி வருகிறது என்பதால், இம்முறை சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

டி.என்.எஸ். என்பது பெயரைக் கேட்டால் ஐ.பி. முகவரியைச் சொல்லும் சேவை; டொமைன் கன்ட்ரோலர் என்பது அலுவலக லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர். முதலாவதற்குத் தெரியாததை எடுத்துச் சொல்வது இரண்டாவது டி.என்.எஸ்.ஸின் வேலை அன்று. விண்டோஸ் முதலாவதைக் கேட்கும். அது ஓரிரு நொடி பேசாமல் இருந்தால் இரண்டாவதைக் கேட்கும். அங்கே பதில் கிடைத்துவிட்டால், முதலாவது சுதாரித்துக்கொண்ட பிறகும் சிறிது நேரம் இரண்டாவதையே பிடித்துக்கொண்டிருக்கும். 8.8.8.8 என்பது கூகுளின் பொதுச் சேவை. உங்கள் அலுவலகத்துக்குள் மட்டுமே வழங்கும் ஒரு பெயரை அதனிடம் கேட்டால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று அடித்துச் சொல்லும். இல்லை என்பதும் பதில்தான் என்பதால், கம்ப்யூட்டர் அதை நம்பிக்கொண்டு, சர்வரைத் திரும்பக் கேட்காது. டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று காட்டும் எஸ்.ஆர்.வி. பதிவுகள் உங்கள் சர்வரில் மட்டுமே இருக்கின்றன. அவை கிடைக்காமல்தான் லாகின் தவிக்கிறது. வெளி இணையப் பெயர்கள் இரண்டு இடத்திலும் கிடைப்பதால் இணையம் பழுதில்லாமல் ஓடுகிறது, பழி மட்டும் பாவம் அந்த ஸ்விட்ச்சின் தலையில் விழுகிறது.

கம்ப்யூட்டர்களுக்குத் தானாக முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. அமைப்பில் டி.என்.எஸ். என்று சர்வரின் முகவரியை மட்டும் கொடுங்கள். 8.8.8.8 இருக்க வேண்டிய இடம், சர்வர் தனக்குத் தெரியாத பெயர்களை அனுப்பிக் கேட்கும் ஃபார்வர்டர் பட்டியல். கையால் முகவரி அமைத்த கம்ப்யூட்டர்கள் இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளமாட்டா. அவற்றில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்த வேண்டும். சர்வர் நின்றால் இணையமும் நின்றுவிடுமே என்று உடனே கேட்பீர்கள். நிற்கும். அந்தக் கவலை உண்மையானால் இன்னொரு டொமைன் கன்ட்ரோலரை நிறுவி, அதை இரண்டாவது டி.என்.எஸ். ஆக்குங்கள். வழக்கமாக நான் சொல்வதுதான்: இருக்கும் அமைப்பை எழுதி வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள்.

கேள்வி: அவசரம். மெயில் வேலை செய்யவில்லை. உடனே பதில் தேவை.

பதில்: வரும் மெயிலா, போகும் மெயிலா? ஒருவருக்கா, எல்லாருக்குமா? திரும்பி வந்த மெயிலில் என்ன எழுதியிருக்கிறது? அதற்கு முந்தைய நாள் எதை மாற்றினீர்கள்? இவற்றுள் ஒன்றைக்கூடச் சொல்லாதவருக்கு அவசரமாகவும் பதில் சொல்ல முடியாது, நிதானமாகவும் சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் நெட்வொர்க் 10.0.0 வரிசை. நான்கைந்து கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் திடீரென்று 192.168.1 வரிசையில் முகவரி கிடைக்கிறது.

பதில்: யாரோ வைஃபை வேண்டும் என்று ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டில் உங்கள் கேபிளைச் செருகியிருக்கிறார், அதுவும் முகவரி வழங்கத் தொடங்கிவிட்டது. பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரில் ipconfig /all கட்டளையைக் கொடுத்தால், டி.எச்.சி.பி. சர்வர் என்ற வரியில் அந்த ரவுட்டரின் முகவரி இருக்கும். ஏ.ஆர்.பி. கட்டளையில் அதன் மேக் முகவரியை, அதாவது கருவிக்கே உரிய எண்ணை, எடுத்து, ஸ்விட்ச்சின் பட்டியலில் எந்தப் போர்ட் என்று பார்த்து, அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் ஏதாவது ஒரு மேசைக்கடியில் அகப்படும்.

கேள்வி: எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரில் டிஸ்க் நிறைந்து, மெயில் வருவது நின்றுவிட்டது. லாக் கோப்புகளை அழிக்கலாமா?

பதில்: டேட்டாபேஸின் லாக் கோப்புகளில் கை வைக்காதீர்கள். முழு பேக்கப் வெற்றிகரமாக முடிந்ததும் எக்ஸ்சேஞ்ச் தானே அவற்றை நீக்கும். மலையாகக் குவிந்திருந்தால், பேக்கப் பல நாள்களாக நடக்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள். அதுதான் டிஸ்க்கைவிடப் பெரிய கவலை. அவசரத்துக்கு இடம் வேண்டுமானால் ஐ.ஐ.எஸ். என்ற வெப் சர்வரின் லாக் ஃபோல்டரில் உள்ள பழைய கோப்புகளை நீக்கலாம். அவை வேறு ரகம்.

கேள்வி: விளம்பர மெயில் அனுப்பும் சேவைக்காக இரண்டாவது எஸ்.பி.எஃப். பதிவு சேர்த்தோம். அதன்பின் எல்லாமே ஸ்பேமுக்குப் போகின்றன.

பதில்: எஸ்.பி.எஃப். என்பது உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று அறிவிக்கும் பதிவு. ஒரு டொமைனுக்கு அது ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒன்றாக இணையுங்கள், உள்ளே வரும் டி.என்.எஸ். தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது. பழைய வரியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று இங்கேயும் சொல்கிறேன்.

கேள்வி: ஒரே இரவில் கியூவில் ஆயிரக்கணக்கான மெயில்கள் சேர்ந்துவிட்டன, எங்களில் யாரும் அனுப்பவில்லை. ஸ்பேம் அனுப்பும் சர்வர்களின் தடைப்பட்டியலிலும் பெயர் ஏறிவிட்டது. எப்படி நீக்குவது?

பதில்: யாரோ ஒருவரின் பாஸ்வேர்டு வெளியே போயிருக்கிறது. லாகைப் பார்த்து எந்தக் கணக்கு என்று கண்டுபிடித்து, முதலில் அதை முடக்குங்கள். அதில் யாருக்காவது தானாக ஃபார்வர்டு செய்யும் விதி வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு கியூவைக் காலி செய்யுங்கள். தடைப்பட்டியலுக்கு விண்ணப்பிப்பது கடைசி வேலை. ஓட்டையை அடைக்காமல் விண்ணப்பித்தால் பெயர் மறுபடி ஏறும்.

கேள்வி: ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் சர்வர் ஏற்க மறுக்கிறது.

பதில்: அதன் கடிகாரத்தைப் பாருங்கள். சர்வரின் நேரத்தோடு 5 நிமிடங்களுக்கு மேல் வேறுபட்டால் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை வழக்கமான அமைப்பில் மறுத்துவிடும். திருத்திய நேரம், இரவு அணைத்து வைத்த பிறகு மறுநாள் காலையில் மறுபடி தவறியிருந்தால், மதர்போர்டில் உள்ள வட்டமான பேட்டரியை மாற்றுங்கள்.