சப்லிமினல் – கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகன் இந்த வருடம் ஏ.எல். பரீட்சை எடுக்கிறான். கொஞ்ச நாளாக இரவில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டுதான் படுக்கிறான். வாங்கிக் கேட்டுப் பார்த்தேன். வெறும் மழைச் சத்தம். அதற்கு அடியில் 'படித்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும்' என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறதாம். காதுக்குக் கேட்காதாம், ஆழ்மனதுக்குக் கேட்குமாம். 'சப்லிமினல்' என்கிறான். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? உன்னதம் என்று பொருள்படும் 'சப்லைம்' என்ற சொல்லுக்கு இது சொந்தமா? அமெரிக்காவில் ஒரு தியேட்டரில் இப்படிச் செய்து பொப்கோர்ன் விற்றார்களாமே, உண்மையா? இவனைத் தடுப்பதா, விடுவதா என்று தெரியவில்லை.

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள அம்மாவுக்கு,

இலத்தீனில் 'சப்' என்றால் கீழே, 'லீமென்' என்றால் வாசற்படி. சேர்த்தால் 'படிக்குக் கீழே'. அதே லீமென் வேறு சொற்களிலும் இருக்கிறது. ஒருவரை 'எலிமினேட்' பண்ணுவது என்றால் பழைய பொருளில் படிக்கு வெளியே தள்ளிவிடுவது. 'பிரிலிமினரி' என்பது படி ஏறுமுன் நடப்பது. சப்லைமையும் சிலர் இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். ஆனால் அதன் பின்பாதி எங்கிருந்து வந்தது என்பதில் சொல்லாய்வாளர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை.

சொல்லின் துண்டுகள் இலத்தீன் என்றாலும், அதன் பின்னால் இருக்கும் எண்ணம் ஜேர்மன்காரர்களுடையது. தத்துவஞானி கான்ட் இருந்த கோனிக்ஸ்பெர்க் பேராசிரியர் நாற்காலியில் பின்னாளில் அமர்ந்தவர் ஹெர்பார்ட். எண்ணங்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுகின்றன, வலுவானது நனவின் வாசற்படியைத் தாண்டி மேலே வருகிறது, மற்றவை கீழே கிடக்கின்றன என்றார் அவர். 1860இல் வெளியிட்ட நூலில், ஃபெக்னர் என்ற இன்னொரு ஜேர்மன் அறிஞர் இந்தப் படியை அளக்க வழி சொன்னார். கையில் இருக்கும் எடையோடு இன்னும் எவ்வளவு சேர்த்தால் 'கூடிவிட்டது' என்று கைக்குத் தெரியும்? அந்த அளவுதான் வாசற்படி. அதற்குக் குறைவானது படிக்குக் கீழே. 1880களில் ஆங்கிலத்தில் சப்லிமினல் என்ற சொல் புழங்கத் தொடங்கியபோது, ஆய்வுகூடத்தில் அதற்கு இருந்த பொருள் இவ்வளவுதான்: உணர முடியாத அளவுக்கு மெலிந்தது.

அப்புறம் மையர்ஸ் என்ற ஆங்கிலேயர் வந்தார். 1882இல் இலண்டனில் ஆவி, முன்னறிவு போன்றவற்றை ஆராய ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். 'டெலிபதி' என்ற சொல்லும் இவர் உண்டாக்கியதுதான். வாசற்படிக்குக் கீழே மெலிந்த உணர்ச்சிகள் மட்டும் இல்லை, நம்மைவிடப் பெரிய இன்னொரு 'நான்' இருக்கிறது, மேதைமையும் தொலைவுணர்வும் அங்கிருந்துதான் வருகின்றன என்றார். சொல் பிரபலமானதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபெக்னரின் வாசற்படியைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? உங்கள் மகனின் ஹெட்செட்டுக்குள் வந்து சேர்ந்திருப்பது மையர்ஸின் சப்லிமினல்.

தியேட்டர் கதை 1957இல் நடந்ததாகச் சொல்லப்பட்டது. நியூ ஜெர்சி மாநிலத்து ஃபோர்ட் லீயில் படம் ஓடும்போது 'பொப்கோர்ன் சாப்பிடு', 'கொக்கா கோலா குடி' என்று நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மின்ன விட்டதாகவும், விற்பனை எகிறியதாகவும் ஜேம்ஸ் விக்கரி என்ற சந்தை ஆய்வாளர் அறிவித்தார். ஊரே பதறியது. 1962இல் அவரே ஒரு பேட்டியில், அது தொழிலைத் தூக்கி நிறுத்தச் செய்த வித்தை என்று ஏறக்குறைய ஒப்புக்கொண்டார். மறுப்பு வந்தும் கதை சாகவில்லை, பாருங்கள், வெள்ளவத்தை வரை வந்துவிட்டது.

அதற்காக எல்லாமே புளுகு என்று சொல்ல மாட்டேன். 1880களில் பியர்ஸ், ஜாஸ்ட்ரோ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் விரலில் மிகச் சிறிய அழுத்த வித்தியாசங்களை வைத்துச் சோதித்தார்கள். 'எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, சும்மா சொல்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு ஊகித்தபோதும், குருட்டாம்போக்கில் வரவேண்டியதைவிட அதிகத் தடவை விடை சரியாக வந்தது. ஆக, படிக்குக் கீழிருந்தும் ஏதோ கசிகிறது. ஆனால் கசிவது சின்னது. எது கனம் என்று ஊகிக்க அது போதும். இரசாயனவியல் சமன்பாட்டை மனதில் பதிக்காது.

இன்னொன்று. உங்கள் பக்கம் கடற்கரையோரமாகக் கோச்சி (ரயில்) போகிறது. அங்கேயே குடியிருப்பவர்களுக்கு அது கேட்பதே இல்லை. விருந்துக்கு வந்தவர்தான் திடுக்கிடுவார். இதையும் சிலர் சப்லிமினல் என்கிறார்கள். அது சரியில்லை. கோச்சிச் சத்தம் படிக்கு எவ்வளவோ மேலே இருக்கிறது, நாம்தான் கவனத்தைத் திருப்பிவிட்டோம். காதைக் கொடுத்தால் உடனே கேட்கும். மழைக்கு அடியில் இருக்கும் குரல், எவ்வளவு உற்றுக் கேட்டாலும் பிடிபடாவிட்டால்தான் அந்தப் பெயருக்கு உரியது. பிடிபட்டால் அது வெறும் மெல்லிய குரல்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு, மகனிடம் இந்த ஒரு ஆய்வைச் சொல்லுங்கள். 1991இல் கிரீன்வால்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் கடைகளில் விற்ற சப்லிமினல் ஒலிநாடாக்களைச் சோதித்தார்கள். ஒன்று ஞாபகசக்திக்கு, இன்னொன்று தன்னம்பிக்கைக்கு. பாதிப்பேருக்கு லேபிளை மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். சில வாரங்கள் கழித்துச் சோதித்தால், சொன்ன பலன் எதிலும் இல்லை. ஆனால் ஞாபகசக்தி லேபிளைப் பார்த்தவர்களில் பலர், உள்ளே இருந்தது எதுவானாலும், தங்கள் ஞாபகம் கூடிவிட்டதாகவே நம்பினார்கள்.

மழைச் சத்தம் அவனுக்குத் தூக்கம் வரவழைக்கிறது என்றால் கேட்கட்டும், சண்டை வேண்டாம். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, சின்ன ஸ்பீக்கரில், தூங்கியதும் தானாக நிற்கும்படி வைக்கச் சொல்லுங்கள். கடந்தகால வினாத்தாள்களை மட்டும் பகலில், விழித்திருந்து செய்யட்டும்.