பயிருக்குள் பூசணம் நுழையும் வழிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: காயமே இல்லாத நெல் இலைக்குள் குலை நோய்ப் பூசணம் எப்படிப் புகுகிறது?

பதில்: அழுத்தத்தால் துளைத்துக்கொண்டு புகுகிறது. காற்றில் மிதந்து வரும் இதன் வித்து மூன்று அறைகள் கொண்டது. பேரிக்காய் வடிவில் இருக்கும். இலையில் விழுந்ததும் தன் நுனியில் சுரக்கும் பசையால் ஒட்டிக்கொண்டு, பனி ஈரத்தில் சில மணி நேரத்திலேயே முளைவிடுகிறது. முளைக்குழாயின் முனை பருத்துக் குமிழாகிறது. அதன் சுவரில் மெலனின் என்னும் கரிய நிறமி படலமாகப் படிய, உள்ளே தண்ணீரை ஈர்க்கும் கிளிசரால் சேர்கிறது. தண்ணீரை உள்ளே விட்டு, கிளிசராலை வெளியே விடாமல் அந்தப் படலம் தடுப்பதால், குமிழுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் 80 பார் அளவை எட்டுகிறது. கார் டயரில் நாம் அடைக்கும் காற்றழுத்தத்தைப் போல இது ஏறத்தாழ 40 மடங்கு. இவ்வளவு விசையும் குமிழின் அடியிலிருந்து புறப்படும் ஒரு நுண்ணிய முளையில் குவிய, அது இலையின் மெழுகுப் பூச்சையும் செல் சுவரையும் துளைத்து உள்ளே இறங்குகிறது. இதற்கெல்லாம் இலை பல மணி நேரம் ஈரமாகவே இருந்தாக வேண்டும். பனி இறங்கும் மாதங்களில் குலை நோய் தீவிரமாவதற்கு அதுவே காரணம்.

கேள்வி: இலையில் கண் வடிவப் புள்ளிகளைப் பார்த்ததுமே ட்ரைசைக்ளசோல் தெளித்தேன். ஒரு வாரமாகியும் புள்ளிகள் மறையவில்லை. மருந்து போலியானதா?

பதில்: அதை வைத்து மருந்தைப் போலி என்று சொல்ல இயலாது. மேலே சொன்ன மெலனின் உருவாவதைத்தான் ட்ரைசைக்ளசோல் தடுக்கிறது. மெலனின் இல்லாத குமிழ் கிளிசராலை இழந்துவிடும், அழுத்தம் ஏறாது, துளைக்கவும் முடியாது. ஆனால் ஏற்கெனவே இலைக்குள் பரவிவிட்ட பூசண இழைகளுக்கு மெலனின் தேவையில்லை என்பதால், அவற்றை இம்மருந்து ஒன்றும் செய்வதில்லை. மேலும், புள்ளி என்பது செத்துப்போன திசு; எந்த மருந்தும் அதைப் பச்சையாக்காது. பூசணம் புகுந்து புள்ளி தெரிவதற்கே நான்கைந்து நாட்கள் ஆகும் என்பதால், தெளித்த மறுநாள் தோன்றும் புள்ளிகளும் பழைய கணக்கைச் சேர்ந்தவையே. தெளித்த பின் வெளிவந்த இலைகளைப் பாருங்கள். அவை சுத்தமாக இருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. கழுத்துக் குலை நோய்க்கு அஞ்சுபவர்கள் கதிர் வெளிவரும் தருணத்திலேயே தெளித்துவிட வேண்டும். கழுத்து கறுத்துக் கதிர் பதராகிய பின் தெளிப்பது வீண் செலவு.

கேள்வி: யூரியா அதிகம் போட்டால் குலை நோய் கூடும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். தழைச்சத்து மிகுந்த இலையில் திசு மென்மையாகவும் சிலிக்கா குறைவாகவும் இருக்கும். பயிர் அடர்ந்து நிற்பதால் ஈரமும் எளிதில் உலராது. பரிந்துரைத்த அளவைப் பிரித்துப் பிரித்து இடுங்கள்.

கேள்வி: ஈரம்தான் காரணம் என்றால், மழையே இல்லாதபோது உளுந்தில் சாம்பல் நோய் வருவது ஏன்?

பதில்: நல்ல கேள்வி. சாம்பல் நோய் வித்துக்குள்ளேயே போதிய நீர் இருப்பதால், இலை நனையாமலே அது முளைத்துவிடும். பலத்த மழை அதைக் கழுவிவிடவும் கூடும். இப்பூசணம் பெரும்பாலும் இலையின் மேலேயே படர்ந்து, மேல்தோல் செல்களுக்குள் உறிஞ்சு உறுப்புகளை மட்டும் செலுத்தி, செல்லைக் கொல்லாமல் சத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியே கிடப்பதால்தான் நோய் கண்ட பிறகும் நனையும் கந்தகத் தூளைத் தெளித்து இதைக் கட்டுப்படுத்த முடிகிறது. திராட்சையில் வரும் அடிச்சாம்பல் நோயை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: அது உண்மையான பூசணமே அன்று, இலையீரத்தில் நீந்திச் சென்று இலைத்துளை வழியாக நுழையும் வேறு வகை உயிரி.

கேள்வி: காபித் துரு நோய்க்கு இலையின் அடிப்புறத்தில் தெளிக்கச் சொல்வது எதற்காக?

பதில்: துருப் பூசணம் துளைப்பதில்லை, திறந்திருக்கும் இலைத்துளை வழியாக நுழைகிறது. காபி இலையில் அத்துளைகள் அடிப்புறத்தில்தான் உள்ளன. இலங்கையில் 1869இல் கண்டறியப்பட்ட இந்நோய் அங்கிருந்த காபித் தோட்டங்களையே அழித்து, தேயிலைக்கு வழிவிட்டது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை துளையருகே படிந்திருந்தால்தான் முளைக்கும் வித்தைக் கொல்லும். மேற்புறம் மட்டும் நனைத்தால் பயனில்லை.

கேள்வி: ரஸ்தாளி வாழையில் வாடல் நோய், எந்த மருந்தை ஊற்றலாம்?

பதில்: ஊற்றிக் குணப்படுத்தக்கூடிய மருந்து இல்லை. வேர் வழியே ஏறும் பியூசேரியம் என்னும் பூசணம் நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. அதன் உறக்க வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். பாதித்த மரத்தைக் கிழங்கோடு தோண்டி எரித்துவிடுங்கள். அந்தத் தோட்டத்திலிருந்து கன்று எடுக்கவே வேண்டாம். அடுத்த முறை அங்கே ரஸ்தாளிக்குப் பதிலாகப் பூவன் நடுங்கள்.