விற்பதற்கல்ல, வீட்டில் குடிக்க மட்டும் பியர் தயாரிக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தை வாடகைக்கு எடுத்து மனைவியுடன் இருக்கிறேன். இலண்டனிலுள்ள மச்சான் தன் வீட்டிலேயே பியர் தயாரிப்பவர். மார்கழியில் வரும்போது எனக்கும் ஒரு ஆரம்ப உபகரணத் தொகுதி கொண்டுவருவதாகச் சொல்கிறார். மூடியுள்ள 30 லீற்றர் வாளி, எயார்லொக் (உள்ளே உருவாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பு), ஹைட்ரோமீற்றர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி), உறிஞ்சு குழாய், போத்தல் மூடி அழுத்தும் கருவி, கொதித்ததைக் குளிர்விக்கச் செப்புக் குழாய்ச் சுருள், மோல்ட் பாகு (முளைகட்டிய பார்லியின் பாகு), ஹொப்ஸ் (பியருக்குக் கசப்புத் தரும் பூ), ஈஸ்ட் ஆகியவை அதில் இருக்குமாம். ஒரு போத்தலும் விற்கமாட்டேன். இது குற்றமா? குற்றம் என்றால் உபகரணங்களை மட்டுமாவது வாங்கி வைத்திருக்கலாமா? எவற்றைக் கொண்டுவரச் சொல்லட்டும்?

பதில்: குற்றம்தான். இலங்கையின் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிக்க முடியாது. பியரும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். சொந்தப் பாவனைக்கு இத்தனை லீற்றர் வரை என்று ஒரு விலக்கு நம் சட்டத்தில் இல்லை. ஆகவே “விற்கவில்லை”, “கொஞ்சம்தான்” என்ற இரண்டும் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது. தண்டனையின் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும்போது வேண்டுமானால் அவற்றைச் சொல்லலாம்.

இது ஏன் இப்படி என்பதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். அந்தக் கட்டளைச் சட்டம் அடிப்படையில் வரிச் சட்டம். தீர்வையின் கண் விற்கும் கடையில் மட்டும் இல்லை. மதுபானம் உருவாகும் இடத்திலேயே அது தொடங்குகிறது. அதனால்தான் சட்டம் விற்பனையை ஒரு குற்றமாகவும் தயாரிப்பை வேறொரு குற்றமாகவும் வைத்திருக்கிறது. உங்கள் மச்சான் இலண்டனில் செய்வதில் தவறில்லை. பிரித்தானியாவில் 1963இலிருந்து சொந்தப் பாவனைக்கு பியர் தயாரிக்க உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் மத்திய சட்டம் அதை அனுமதித்தது. யூடியூப்பில் நீங்கள் பார்க்கும் காணொளிகள் அநேகமாக அந்த நாடுகளிலிருந்து வருபவை. அவர் தரும் செய்முறை சரியாக இருக்கலாம், ஆனால் அந்த நாட்டுச் சட்டம் அவரோடு கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்காது.

உரிமம் எடுத்துச் செய்யலாமே என்று கேட்பீர்கள். அந்த உரிமம் பியர்த் தொழிற்சாலைகளுக்கானது. வாடகை வீட்டின் குசினிக்கு அதைக் கேட்டு ராஜகிரியவிலுள்ள மதுவரித் திணைக்களத்துக்கு அலைவதில் பயன் இல்லை.

இனி உபகரணங்கள். அநேகர் சறுக்குவது இங்கேதான். தயாரிப்பதை மட்டுமல்ல, தயாரிக்கும் நோக்கத்தோடு பொருட்களையும் பாத்திரங்களையும் கருவிகளையும் வைத்திருப்பதையும் சட்டம் தடுக்கிறது. இதில் கனமான சொல் ‘நோக்கம்’. ஒரு வாளி குற்றமாகாது, ஹைட்ரோமீற்றரும் ஆகாது. ஆனால் நோக்கத்தை யாரும் நெஞ்சைத் திறந்து பார்ப்பதில்லை. பொருட்கள் எவற்றோடு சேர்ந்து இருக்கின்றன என்பதிலிருந்தே ஊகிப்பார்கள். அப்படிப் பார்த்தால் நீங்கள் கேட்கும் ‘ஆரம்பத் தொகுதி’தான் மிக மோசமான வடிவம். பெட்டியின் மேலேயே பியர் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே செய்முறைத் தாள், பாகு, ஈஸ்ட் எல்லாம் ஒன்றாக இருக்கும். நோக்கம் வேறு என்று சொல்ல உங்களுக்கு இடமே இருக்காது.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். செப்புச் சுருளை வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பியர் தயாரிப்பில் அது கொதித்த மோல்ட் நீரை விரைவாக ஆறவைப்பதற்கு மட்டுமே, வடிப்பதற்கு அல்ல. ஆனால் பார்வைக்கு அது கசிப்புக் காய்ச்சும் சுருளேதான். சோதனைக்கு வரும் அலுவலர் அதைக் கண்டவுடன் உங்கள் விடயம் பியரிலிருந்து கசிப்புக்குத் தாவிவிடும். அதற்குப் பிறகு விளக்கம் சொல்வது உங்கள் பாடு. வாளிக்குள் 23 லீற்றர் நுரைத்துக்கொண்டிருந்தால் முறைப்பாட்டில் அது ‘கோடா’ (கசிப்பு வடிக்க நொதிக்கவைத்த கலவை) என்றே எழுதப்படக்கூடும். ஹைட்ரோமீற்றர் பழச்சாற்றின் சீனியை அளக்கவும் பயன்படும் கருவி, தனியாக வைத்திருப்பதில் பயமில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு கொப்பியில் “தொடக்கம் 1.045, முடிவு 1.010” என்று எழுதி வைத்திருந்தால், சுமார் 4.6 சதவீத மதுசாரம் உருவானதற்கு உங்கள் கையெழுத்திலேயே சாட்சி தருகிறீர்கள். போத்தல் மூடி அழுத்தும் கருவியை கோடியலுக்கும் சோஸுக்கும் பயன்படுத்தலாம். உணவுத்தர வாளியும் வெப்பமானியும் எந்த வீட்டிலும் இருப்பவை. மோல்ட் பாகு பேக்கரித் தொழிலில் பயன்படுவது. ஈஸ்ட் பாணுக்கும் வேண்டும். ஆனால் பியர் ஈஸ்ட் என்று பெயர் போட்ட பைக்கு அந்த விளக்கம் பொருந்தாது. எயார்லொக்கை மட்டும் நொதித்தலோடு தொடர்பில்லாத வேலைக்கென்று காட்டுவது கடினம். அதையும் விட்டுவிடுங்கள்.

விமான நிலையத்தில் ஒரு வேண்டுகோள்: எதைக் கொண்டுவந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். “சமையல் சாமான்” என்று மழுப்புவது சுங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனிப் பிரச்சினை. பொருள் பறிமுதலாகும், பெறுமதியின் மும்மடங்கு வரை தண்டமும் வரலாம். ஹொப்ஸ் உலர்ந்த பூ. செடிப்பொருள் என்பதால் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அனுமதி பற்றித் தாவரத் தனிமைப்படுத்தல் சேவையிடம் முதலே எழுதிக் கேட்காமல் கொண்டுவரக்கூடாது.

இத்தனைக்கும் பிறகு, “யாருக்குத் தெரியப்போகிறது” என்று ஒரு நினைப்பு வரும். கொழும்பில் இது மறைந்து கிடக்கும் வேலையல்ல. வீட்டுப் பியருக்கு வழக்கமாகப் போடும் ‘ஏல்’ வகை ஈஸ்ட் 18 முதல் 22 பாகை செல்சியசில் ஒழுங்காக வேலை செய்யும். வெள்ளவத்தை மேல்தள அறையில் பகலில் 30 பாகை. நொதித்தல் தறிகெட்டு ஓடும், தின்னர் போன்ற வாடை படிக்கட்டு வரை வரும். நொதித்து முடியுமுன் போத்தலில் அடைத்தால், எஞ்சிய சீனியை ஈஸ்ட் தின்று அழுத்தம் ஏறி, கண்ணாடி நள்ளிரவில் வெடிக்கும். காயம் ஒருபுறம், கீழ்வீட்டார் கொடுக்கும் முறைப்பாடு மறுபுறம். உங்கள் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். வீட்டைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற வாசகம் அநேகமாக இருக்கும். வழக்கு முடியும்வரை காத்திராமலே வீட்டுக்காரர் உங்களை எழுப்பப் பார்ப்பார். அவரையும் விசாரணைக்கு இழுத்துவிட்ட கோபம் அவருக்கு நியாயமாகவே இருக்கும்.

சோதனை என்று அலுவலர்கள் எப்போதாவது வந்தால்: அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், தேடுதல் ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆணை இல்லாமலும் தேடச் சில சூழ்நிலைகளில் அவர்களுக்கு அதிகாரம் உண்டு, ஆகவே வாசலை மறிக்காதீர்கள். இருப்பதைத் தொட்டியில் ஊற்றிக் கழுவாதீர்கள். அது சாட்சியத்தை அழித்த பழியையும் சேர்க்கும். கைப்பற்றியவற்றின் பட்டியலைச் சரிபாருங்கள். குறிப்பாக லீற்றர் அளவைப் பாருங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள், விளங்காத மொழியில் உள்ளதில் கையெழுத்து வைக்காதீர்கள். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, மதுவரிக் குற்றம் பற்றி மதுவரி அலுவலரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் 27ஆம் பிரிவு வேறு கதை: காவலில் இருக்கும்போது “மேலே தட்டில் இன்னும் 12 போத்தல் இருக்கிறது” என்று நீங்கள் சொல்லி அது அங்கே அகப்பட்டால், அந்தப் பகுதி சாட்சியமாகும். பிடியாணை இன்றிக் கைதுசெய்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். அதற்குள் சட்டத்தரணி ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள்.

சுவைதான் உங்கள் ஆசை என்றால் நொதிக்காத வழி ஒன்று உண்டு. 2 லீற்றர் நீரில் 400 கிராம் மோல்ட் பாகைக் கரைத்து, அனுமதியோடு ஹொப்ஸ் கிடைத்தால் 5 கிராம் சேர்த்து 15 நிமிடம் கொதிக்கவையுங்கள். வடிகட்டி, பாத்திரத்தை ஐஸ் நீரில் இறக்கி அரை மணிக்குள் ஆறவைத்து, நேரே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். குடிக்கும்போது சம அளவு சோடா ஊற்றினால் நுரையும் கசப்பும் கிடைக்கும். நுரைக்காகக்கூட ஈஸ்ட் போடவேண்டாம். போட்டால் நொதித்தல் தொடங்கிவிடும். வீட்டு இஞ்சி பியருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனென்றால் ‘மதுபானம்’ என்பதற்கான வரைவிலக்கணம் மதுசாரம் அடங்கிய திரவங்களை அகலமாக அணைத்துக்கொள்கிறது. ‘தயாரிப்பு’ என்பதும் மனிதர் செய்வதை மட்டுமன்றி இயற்கையாக நடப்பதையும் சேர்த்தே வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதனால் இந்தப் பானத்தை 3 நாளுக்குள் முடித்துவிடுங்கள். திறக்கும்போது தானாகச் சீறினால், அல்லது கனிந்த பழவாடை அடித்தால், காற்றிலிருந்த ஈஸ்ட் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். அன்றே கொட்டிவிடுங்கள்.

மச்சானுக்கு இன்றே எழுதுங்கள்: வெப்பமானி, ஹைட்ரோமீற்றர், மூடி அழுத்தும் கருவி, வேண்டுமானால் ஒரு தகரம் மோல்ட் பாகு. மீதியை அவர் வீட்டிலேயே வைத்திருக்கட்டும். அங்கே போகும்போது அவரோடு சேர்ந்து தாராளமாகச் செய்து பழகலாம்.