பதற்றம் எங்கே வருகிறதோ, அங்கே ஒரு பொருள்

அன்புள்ள தம்பிக்கு வணக்கம்.

திருமங்கலத்திலிருந்து அக்டோபரில் முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனிக்கு வந்ததாகவும், தபால் பெட்டியில் அரசு அலுவலகக் கடிதத்தைக் கண்டாலும், நடுராத்திரியில் ஊரிலிருந்து தொலைபேசி ஒலித்தாலும் நெஞ்சு படபடத்து விரல்கள் மரத்துப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அம்மா கட்டிவிட்ட பாண்டி கோயில் கயிற்றைத் தொட்டால் சற்று அடங்குகிறது, ஆனால் அது அறுந்துவிடுமோ என்பதே இப்போது தனிக் கவலையாகிவிட்டது, இப்படிப் பொருள்களைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடத்துவது சரிதானா என்று கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் பல ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வாழும் நான், இப்போது விடுமுறைக்கு மதுரை வந்து, செல்லூரில் அம்மா வீட்டில் இருந்தபடி இதை எழுதுகிறேன்.

கயிற்றைக் கழற்ற வேண்டாம். அது அம்மாவின் வேண்டுதல். அது அங்கேயே இருக்கட்டும். பதற்றத்தைச் சமாளிக்கும் வேலையை மட்டும் அதன் தலையில் சுமத்தாமல், எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடிய வேறு சில பொருள்களிடம் ஒப்படையுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு செயலை முடிவு செய்துகொள்ளுங்கள். தொட்டாலே ஆபத்து விலகும் என்று நம்பினால், அந்தப் பொருள் இல்லாத நேரத்தில் பயம் இருமடங்காகும். தொட்டதும் செய்ய வேண்டியது நினைவுக்கு வரும் என்று பழகிவிட்டால், பொருள் தொலைந்தாலும் பழக்கம் நம்மிடமே இருக்கும்.

உடம்பில் நடப்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பயம் வந்ததும் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கிறது. மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் போவதால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் பெரும்பாலும் அதனால்தான். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டினால், நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால், சில நிமிடங்களில் இதயத் துடிப்பு தணியத் தொடங்கும். இது எல்லோருக்கும் தெரிந்த பயிற்சிதான். ஆனால் பதறும் நேரத்தில் தெரிந்தது எதுவும் நினைவுக்கு வருவதில்லை என்பதே நம் சிக்கல். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர், ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்’ என்று சூழலையும் செயலையும் முன்கூட்டியே இணைத்து வைப்பவர்கள் எண்ணியதை நிறைவேற்றும் வாய்ப்பு அதிகம் என்பதை 1999இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கியிருக்கிறார். அந்த இணைப்பைக் கண்ணிலும் கையிலும் படும்படி வைப்பதற்குத்தான் பொருள் தேவைப்படுகிறது.

தபால் பெட்டிச் சாவியிலிருந்தே தொடங்குங்கள். அம்மாவிடம் சொல்லி, முடிச்சுப் போட்டுச் செய்த சுங்குடித் துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு அனுப்பச் சொல்லுங்கள். அச்சிட்ட சுங்குடி வழவழப்பாக இருக்கும். அது இதற்கு உதவாது. மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தினர் துணியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளியெடுத்து, நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் தோய்க்கிறார்கள். கட்டை அவிழ்த்த பிறகு ஒவ்வொரு புள்ளியும் சுருங்கிச் சிறு மேடாக நின்று விரலுக்குத் தட்டுப்படும். அந்தத் துண்டைச் சாவியில் கட்டுங்கள். பெட்டியைத் திறக்கும் முன் ஒரு புள்ளிக்கு ஒரு நீண்ட மூச்சு என்று ஐந்து புள்ளிகளைக் கடந்துவிட்டு, அதன் பிறகு சாவியைத் திருப்புங்கள். கடிதத்தைப் பிரித்ததும் முழுவதையும் படிக்க முயலாமல் கெடுத் தேதியை மட்டும் தேடி அடிக்கோடிடுங்கள். அரசு அலுவலக முடிவுகளை எதிர்த்து எழுதப் பொதுவாக ஒரு மாத அவகாசம் தருகிறார்கள். அன்றிரவே எதுவும் இடிந்து விழாது. மஞ்சள் உறையில் வந்தால் உறையை எறிந்துவிடாதீர்கள், தபால்காரர் அதன்மேல் குறிக்கும் தேதியிலிருந்துதான் கெடு கணக்காகும்.

இரவு அழைப்புக்கு, மதுரை நேரத்தில் ஓடும் சிறு கடிகாரம் ஒன்றைப் படுக்கையருகே வையுங்கள். குளிர்காலத்தில் நான்கரை மணி நேர வித்தியாசம் இருப்பதால், அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துவிட்டு அழைத்தால் உங்களுக்கு இரவு 12.30. தொலைபேசியை எடுக்கும் முன் அந்தக் கடிகாரத்தைப் பாருங்கள். அங்கே பொழுது புலர்ந்திருக்கிறது, எழுந்ததும் பிள்ளையின் நினைவு வந்திருக்கிறது என்பது பாதி நேரம் அதிலேயே புரிந்துவிடும்.

இவற்றை மனம் அமைதியாக இருக்கும் நாள்களிலும் செய்து பழகுங்கள். பயந்த நேரத்தில் மட்டும் தொட்டால் துணியே பயத்தை நினைவூட்டத் தொடங்கிவிடும். சில வாரங்களில் கை அதை உணராமலே கடந்து போகும். பழகிய எதையும் மூளை கவனிக்காமல் விடுவது இயல்பு. அப்போது துணியின் நிறத்தையோ கட்டும் இடத்தையோ மாற்றிக்கொண்டால் போதும்.

இவையெல்லாம் அன்றாடப் பதற்றத்துக்கு மட்டுமே. நெஞ்சுப் படபடப்புக்கு உடல்நோய் எதுவும் காரணமா என்று ஹவுஸார்ட்ஸ்ட் எனப்படும் குடும்ப மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நெஞ்சு வலி கடுமையாக வந்தால் தயங்காமல் 112ஐ அழையுங்கள். தூக்கமும் படிப்பும் கெடத் தொடங்கினால், உளச்சிகிச்சையாளரின் முதல் சந்திப்புக்கு நேரம் பெற்றுத்தர 116117 என்ற எண் இருக்கிறது. யாரிடமாவது பேசினால் போதும் என்றிருக்கும் இரவுகளில் 0800 1110111 என்ற எண்ணைக் கட்டணமின்றி, பெயர் சொல்லாமலே அழைக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. விடியற்காலையில் அழைக்கும் அம்மாவும் இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தியாவுக்குள் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். அடுத்த முறை பேசும்போது அதை அம்மாவிடம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.