எஸ்சி பணியிடத்துக்குத் 'தகுதியானவர் இல்லை' என்றார்கள்: வழக்குப் போடலாமா?

கேள்வி: நான் திருவண்ணாமலைக்காரி. டெல்லியில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஏழு வருடமாக அட்ஹாக்கில், அதாவது தற்காலிக ஆசிரியராக, பாடம் எடுக்கிறேன். எஸ்சி பிரிவுக்கான உதவிப் பேராசிரியர் நேர்காணலில் ஆறே நிமிடம் கேள்வி கேட்டார்கள். "இந்தி தெரியாமல் இங்கே எப்படி?" என்றார் ஒருவர். அழைப்புப் பட்டியலில் எனக்குத்தான் அதிக மதிப்பெண். ஆனாலும் 'தகுதியானவர் எவரும் இல்லை' என்று முடித்துவிட்டார்கள். சமவாய்ப்பு பற்றிய துறைக் கையேட்டின் அட்டையில் மட்டும் என் முகம் இருக்கிறது! பதினோரு மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. இப்போது அதே இடத்துக்கு மறுபடி விளம்பரம் வந்திருக்கிறது. எஸ்சி/எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கவா, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடவா, திரும்ப விண்ணப்பிக்கவா?

பதில்: ஆறு நிமிடம், இந்தி, கையேட்டுப் படம், எல்லாமே வலிக்கிற விஷயம்தான். ஆனால் வழக்குக்கு இவை உதவாது, ஓரமாக வையுங்கள். மதிப்பெண்ணும் அப்படித்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி அந்த மதிப்பெண் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டும். தேர்வு முழுக்க நேர்காணலை வைத்துத்தான்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு வேண்டும். தேர்வுக்குழுவில் எஸ்சி பிரிவைச் சேர்ந்த கல்வியாளர் யாராவது இருந்தாரா? விண்ணப்பித்தவர் எஸ்சி என்றால், குழுவில் அந்தப் பிரிவினர் வேறு யாரும் இல்லாதபோது துணைவேந்தர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது அதே விதிமுறை. 'பெண் பேராசிரியர் ஒருவர் இருந்தாரே' என்று பல்கலைக்கழகம் வாதாடும். விதி 'அந்தப் பிரிவு' என்கிறது, அதனால் அது போதாது என்பது என் கருத்து. அந்த நாற்காலி காலியாக இருந்திருந்தால் உங்களுக்கு வழக்கு உண்டு. இல்லையென்றால் கிட்டத்தட்ட இல்லை.

இதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனுப் போட்டுக் கேளுங்கள். பெயர் கேட்காதீர்கள், நேர்காணல் குழுவினரின் பெயரைத் தர மறுக்கலாம் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒவ்வொருவரும் எந்தப் பிரிவு என்பதை மட்டும் கேளுங்கள்.

இனிமேல்தான் ஆபத்து. குழு எப்படி அமைந்தது என்று தெரிந்தும் பேசாமல் நேர்காணலில் உட்கார்ந்தவர், தோற்ற பிறகு அதைக் குறை சொல்ல முடியாது. லக்னோ பல்கலைக்கழகத்துக்கு எதிராக டாக்டர் சரணா தொடுத்த வழக்கில் 1976-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. போன தடவை உங்களுக்குத் தெரியாது, சரி. இந்தத் தடவை என் பதிலைப் படித்துவிட்டுப் போகிறீர்கள். வாய்மூடி உட்கார்ந்தால் அந்த வழி அடைந்துபோகும்.

அப்புறம் அந்தப் பதினோரு மின்னஞ்சல். மனு மேல் மனு கொடுப்பதால் காலம் நின்றுவிடாது. இதே நிலையில் ஒரு பெண் என்னிடம் வந்தார். பிளாஸ்டிக் கவர் நிறைய மின்னஞ்சல் பிரதிகள், தேதி வாரியாக, ஒன்றுகூட விட்டுப்போகாமல். இரண்டு வருடம் போயிருந்தது. அதற்குள் அந்த இடத்தில் ஒடிசாவைச் சேர்ந்த இன்னொரு எஸ்சி பெண் சேர்ந்து, வேலை நிரந்தரமும் ஆகியிருந்தார். நியமனத்தை எதிர்த்தால் அவரையும் எதிர்மனுதாரர் ஆக்கியே தீரவேண்டும். உயர் நீதிமன்ற வராந்தாவில் இருவரும் பத்தடி தூரத்தில் நின்றார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். பல்கலைக்கழகத்தின் தவறுக்கு இரண்டு தலித் பெண்கள் எதிரெதிரே நிற்க வேண்டியதாயிற்று. தாமதம் என்ற ஒரே காரணத்தில் மனு தள்ளுபடி. அந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

வன்கொடுமைப் புகார் வேண்டாம். சாதியைச் சொல்லி அவமதித்தார் என்றால் அது பிறர் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் நடந்தது போதாது என்று 2020-ல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தவிர, நீங்கள் எழுதியபடி அவர் பேசியது மொழியைப் பற்றி, சாதியைப் பற்றி அல்ல. அந்த எஃப்ஐஆர் ரத்தானால், உங்கள் ரிட் மனுவில் அதையே காட்டி 'பழிவாங்கப் பார்க்கிறார்' என்பார்கள். தேசிய எஸ்சி ஆணையத்துக்கு எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் நியமனத்துக்கு ஆணையத்தால் தடை போட முடியாது, அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

என் யோசனை: பழைய நேர்காணலை எதிர்த்து வழக்குப் போடாதீர்கள், மறுபடி விண்ணப்பியுங்கள். வழக்கில் ஜெயித்தாலும் பெரும்பாலும் 'திரும்ப நேர்காணல் நடத்துங்கள்' என்றுதான் உத்தரவு வரும். அது வழக்கில்லாமலே உங்களுக்குக் கிடைத்துவிட்டது. விளம்பரத்தில் இடம் எஸ்சி என்றே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மத்தியக் கல்வி நிறுவன ஆசிரியர் இடஒதுக்கீடு பற்றிய 2019 சட்டப்படி, ஒதுக்கீட்டைக் கணக்கிட முழுப் பல்கலைக்கழகமும் ஒரே அலகு, துறை சின்னது என்று சொல்லி ஒதுக்கீட்டைக் கைவிட முடியாது.

விண்ணப்பிக்கும் அன்றே பதிவாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். தேர்வுக்குழுவில் எஸ்சி கல்வியாளர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்தான் நேர்காணலுக்கு வருகிறீர்கள் என்றும் எழுதுங்கள். வருத்தம் எதுவும் அதில் வேண்டாம். பெறுகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடியும் அந்த நாற்காலி காலியாக இருந்தால் அதே வாரம் வக்கீலைப் பாருங்கள், நியமன ஆணை வருவதற்கு முன்னால்.