மே மாதம் வந்தால் திருப்பி வைக்கப்படும் நகை

கேள்வி: திண்டுக்கல்லில் பெற்றோர், தம்பி குடும்பம் என ஒன்பது பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் சம்பளம் 62,000 ரூபாய். கோடை விடுமுறைக்கு அக்கா இருவரும் பிள்ளைகளோடு வந்து தங்குவார்கள். 2022 மே மாதம் அந்தச் செலவுக்காக மனைவியின் 10 பவுன் நகையை அடகு வைத்து 1,20,000 ரூபாய் வாங்கினேன். அதையே ஆண்டுதோறும் திருப்பி வைத்துச் சமாளிக்கிறேன். இந்த ஆண்டு பெரிய அக்கா மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் சீராக 2 பவுன் எதிர்பார்க்கிறார்கள். கொடைக்கானல் பயணத்தை 48,000 ரூபாய்க்கு ஆறு மாத வட்டியில்லாத் தவணையில் ஒரு செயலி தருகிறது. எடுக்கலாமா?

பதில்: கொடைக்கானல் தவணையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், என் கவலை நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன அடகுச் சீட்டின் மேல்தான் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய விவரப்படி, வட்டியை ஏறத்தாழ 10 சதவீதமாக வைத்துக்கொண்டு தோராயமாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். 2023இல் வட்டி 12,000, புதுச் செலவு 60,000 சேர்ந்து கடன் 1.92 லட்சம் ஆகிறது. 2024இல் அதே அளவு செலவோடு 2.7 லட்சம், 2025இல் 70,000 ரூபாய் செலவோடு 3.7 லட்சம். இந்த மே மாத வட்டியையும் சேர்த்தால் 4.07 லட்சம். கையில் வாங்கிச் செலவழித்தது 3.1 லட்சம்தான், மீதி 97,000 ரூபாயும் வட்டி. இரண்டு சித்தப்பா குடும்பங்களைக் கூப்பிட்டு இன்னொரு கோடையை நிறைவாகக் கொண்டாடியிருக்கக்கூடிய பணம் அது.

இது இவ்வளவு தூரம் வளர்ந்ததற்குத் தங்கத்தின் விலையேற்றமே காரணம். 2022 மே மாதம் 40,000 ரூபாய்க்குக் கீழே இருந்த பவுன், 2025 மே மாதம் 70,000 ரூபாயை ஒட்டி வந்துவிட்டதால், அதே நகைக்கு ஒவ்வொரு முறையும் கூடுதல் கடன் கிடைத்தது. அதை வருமானம் வந்ததைப் போலச் செலவழித்துவிட்டீர்கள். வட்டியையும் புதுக் கடனிலேயே கழித்துக்கொண்டதால் வலி தெரியவில்லை. ரிசர்வ் வங்கியின் 2025ஆம் ஆண்டு நகைக்கடன் விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாகியுள்ளன. அசலையும் வட்டியையும் முடிவில் ஒன்றாகக் கட்டும் இத்தகைய கடனை, சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகுதான் புதுப்பிக்க முடியும். ஆகவே 37,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டியே ஆக வேண்டும்.

உங்கள் மனைவி மனமார ஒப்புக்கொண்டால், அணியாமல் கிடக்கும் நகையில் நான்கைந்து பவுனை விற்றுக் கடனை மொத்தமாக முடித்துவிடலாம் என்பது என் கருத்து. பழைய நகைக்கான கழிவையும், லாபத்துக்கு வரி வருமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். நகைகளைத் தனித்தனிச் சீட்டுகளாகப் பிரித்து வைத்து, சிறிய சீட்டிலிருந்து தொடங்கி மாதம் 8,000 ரூபாயாவது அசலில் கட்டி மீட்டு வாருங்கள்.

சீரைப் பற்றி அக்காவிடம் அழைப்பிதழ் அச்சாவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். இன்றைய விலையில் 2 பவுன் உங்கள் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். இரண்டு கிராம் தோடும் பட்டுப்பாவாடையும் தாய்மாமன் முறைக்குக் குறைவானவை அல்ல. விழாவில் மொய் வரும் என்று யாராவது ஆறுதல் சொன்னால், அது அக்கா வீட்டு மொய் நோட்டில் ஏறும் பணம், உங்கள் கடனுக்கு வராது என்பதை நினைவில் வையுங்கள்.

தவணைப் பயணம் வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்று விற்கப்படுபவற்றில் ரொக்கத் தள்ளுபடி பெரும்பாலும் பறிபோகிறது. செயல்பாட்டுக் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்கின்றன. மே மாதக் கொடைக்கானலில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும், வேனுக்கு இ-பாஸும் எடுக்க வேண்டும். பிள்ளைகளைக் காலையில் சிறுமலைக்கு அழைத்துச் சென்று, கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பினால் வேன் வாடகையோடு முடிந்துவிடும்.

மற்ற நாட்களில் எல்லோரும் வீட்டிலேயே இருக்கட்டும்; அக்காக்கள் வருவதே அதற்காகத்தான். மளிகைச் செலவை எல்லாக் குடும்பங்களும் பகிர்ந்துகொள்ளுங்கள். மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முந்தைய யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் கட்டண விகிதம் கூடும் என்பதால், ஏசி அறையில் இரவு மட்டும் பிள்ளைகளைச் சேர்த்துப் படுக்க வையுங்கள். ஜூன் மாதமே வங்கியில் பதினோரு மாதத் தொடர் வைப்பு ஒன்றை மாதம் 5,000 ரூபாயில் தொடங்குங்கள் (அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக்கானது, இதற்குப் பொருந்தாது). அடுத்த மே மாதம் கையில் 55,000 ரூபாய்க்கு மேல் இருக்கும். அந்தக் கோடையின் செலவு அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.